பில்பாவோ, மான்செஸ்டர், கோலாலம்பூர்: ஒன்பது நாள், ஒரே அணி

நாள் 1: மே 20, 2025, செவ்வாய். பில்பாவோ

நாளை இரவு 9 மணிக்கு சான் மமேஸ் அரங்கில் ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் இறுதிப்போட்டி. மலேசியாவில் அப்போது வியாழன் அதிகாலை 3 மணி. இந்தியாவில் நள்ளிரவு தாண்டி 12.30. பிரீமியர் லீக் பட்டியலில் 16-ஆம் இடத்தில் கிடக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டும் 17-ஆம் இடத்தில் கிடக்கும் டாட்டன்ஹாமும் மோதுகின்றன. ஜெயிக்கிற அணிக்கு அடுத்த ஆண்டு முதல் நிலைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் இடம். தோற்கிற அணிக்கு ஐரோப்பாவில் எந்தப் போட்டியுமே இல்லை.

முதலில் பயண விவரம். இரண்டு கிளப்புக்கும் தலா 15,000 டிக்கெட் ஒதுக்கியிருக்கிறார்கள். டிக்கெட் இல்லாமல் வருகிறவர்கள் தனி. இத்தனை கூட்டத்தைத் தாங்குகிற அளவுக்குப் பில்பாவோவில் அறைகள் கிடையாது. அரையிறுதி முடிந்த இரவே விலை எங்கோ போய்விட்டது. விவரம் தெரிந்த ரசிகர்கள் விட்டோரியாவிலோ சான் செபாஸ்டியனிலோ சான்டாண்டரிலோ தங்குகிறார்கள். விட்டோரியா ஏறக்குறைய 65 கிலோமீட்டர், மற்ற இரண்டும் 100 கிலோமீட்டர். மூன்று ஊர்களிலிருந்தும் பேருந்து நேராகப் பில்பாவோ இன்டர்மோடால் நிலையத்துக்கே வரும், அரங்கம் அதை ஒட்டியே இருக்கிறது. ஆகவே ஊருக்கு வெளியே தங்குவதில் நஷ்டமில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஆட்டம் கூடுதல் நேரத்துக்கும் பெனால்டிக்கும் போனால் நள்ளிரவு ஆகிவிடும். திரும்பும் பேருந்துக்கு இருக்கை இப்போதே எடுத்து வைக்க வேண்டும்.

விமான நிலையம் லொயுவில். வெளியே வந்ததும் ஏ3247 பேருந்து. நெரிசல் இல்லாவிட்டால் அரை மணிக்குள் இன்டர்மோடால் வந்துவிடும். ஊருக்குள் சுற்ற பாரிக் அட்டை ஒன்று வாங்கினால் மெட்ரோ, டிராம், பேருந்து மூன்றுக்கும் அதுவே போதும். இங்கிலாந்திலிருந்து கடல்வழியும் உண்டு. போர்ட்ஸ்மத்தில் ஏறினால் ஒரு நாளுக்கு மேல் பயணம். கப்பல் வந்து நிற்கிற ஸியெர்பெனா துறைமுகம் நகரத்தைத் தாண்டி இருக்கிறது, அங்கிருந்து ஊருக்குள் வர ஏற்பாடு தனியாகச் செய்துகொள்ள வேண்டும். மலேசியக் கடவுச்சீட்டுக்கு இங்கே விசா தேவையில்லை, இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

மெட்ரோ வாசல்களில் வளைந்து நிற்கும் கண்ணாடிக் கூடுகளைக் கவனியுங்கள். கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்தவை. ஊர்க்காரர்கள் செல்லமாக 'ஃபோஸ்டெரிட்டோ' என்கிறார்கள். 1 லட்சம் இருக்கைகளோடு யுனைடெட் கட்டப்போவதாக மார்ச்சில் அறிவித்த புதிய அரங்கத்தின் வரைபடமும் இதே ஃபாஸ்டரின் நிறுவனம் போட்டதுதான். 200 கோடி பவுண்ட் திட்டம். இப்போதைய அரங்கமான ஓல்ட் டிராஃபோர்டின் நிலைமையோ கடந்த ஆண்டு மே மாதம் உலகமே பார்த்தது: ஆர்சனல் ஆட்டத்தன்று பெய்த மழை கூரையைத் தாண்டி இருக்கைகள் மேல் அருவியாகக் கொட்டியது.

இதே சான் மமேஸில் மே 1 அன்று யுனைடெட் அத்லெடிக் பில்பாவோவை 3-0 என்று வென்றது. அதை நம்பி நாளைக்கும் அப்படித்தான் என்று நினைக்கக் கூடாது. அன்றைக்கு முதல் அரை மணி நேரம் அத்லெடிக் மேலேறி மேலேறி வந்தது. கசெமீரோவின் தலையடி கோல் வந்தது, 35-ஆவது நிமிடத்தில் அத்லெடிக்கின் விவியனுக்குச் சிவப்பு அட்டை வந்தது, அதோடு ஆட்டம் முடிந்தது. பத்துப் பேரை வென்ற திட்டம் பதினோரு பேரிடம் செல்லும் என்று சொல்ல முடியாது.

நாள் 2: மே 21, புதன். சான் மமேஸ்

டிக்கெட் முழுக்க கைப்பேசியில்தான். போட்டியை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவின் செயலியை முன்னாடியே இறக்கி, டிக்கெட்டையும் அதற்குள் இறக்கி வைத்துவிட வேண்டும். அரங்கத்தின் அருகே போனபிறகுதான் ப்ளூடூத் வழியாக அது உயிர் பெறும். ப்ளூடூத் அணைந்திருந்தால் நுழைவுக் குறியீடு தெரியாது. பேட்டரி இறங்கிவிட்டாலும் அவ்வளவுதான். பகல் முழுக்கப் படம் எடுத்துவிட்டு 4 சதவீதத்தோடு கதவுக்கு வந்து தவிப்பதுதான் இங்கே நடக்கிற முக்கால்வாசிச் சிக்கல். சிறிய பவர் பேங்க் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். பை கொண்டுபோனால் ஏ4 தாள் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது.

மதியம் பழைய ஊரின் பிளாசா நுவேவாவில் பின்ச்சோ சாப்பிடலாம். ரொட்டித் துண்டின் மேல் மீனோ முட்டையோ மிளகாயோ வைத்துக் குச்சி குத்தித் தருவார்கள். மாலை 5 மணிக்கு மேல் லிசென்சியாடோ போசா தெருவில் நடக்கவே இடமிருக்காது. அரங்கத்துக்கு நேராக இட்டுச்செல்லும் தெரு அதுதான்.

இனி ஆட்டம்.

யுனைடெட் வழக்கம்போல 3-4-3: பின்னால் மூவர், நடுவரிசையில் நால்வர், முன்னால் மூவர். பின்னால் யோரோ, மக்வயர், ஷா. ஓரங்களில் மேலும் கீழும் ஓடும் விங்-பேக்குகளாக வலதில் மஸ்ராவி, இடதில் டோர்கு. நடுவில் கசெமீரோ, புரூனோ என்று இரண்டே பேர். முன்னால் அமாட், மவுண்ட், ஹொய்லுண்ட். எதிரே டாட்டன்ஹாமின் நடுக்களத்தில் பிசூமா, பென்டன்கூர், பாப்பே சார் என்று மூன்று பேர். மாடிசன், குலுசெவ்ஸ்கி, பெர்க்வால் மூவரும் காயத்தில் இருந்ததால் அவர்களின் நடுக்களத்தில் கற்பனை குறைவு. ஆனால் தலை எண்ணிக்கையில் மூன்றுக்கு இரண்டு.

இந்த மூன்றுக்கு இரண்டுதான், மேனேஜர் ரூபன் அமோரிம் வந்த நவம்பரிலிருந்து, யுனைடெட்டின் நோய். மேல்தட்டு இருக்கையிலிருந்து பார்த்தால் தொலைக்காட்சியில் தெரியாதது தெரியும். எதிரணியின் மூன்றாவது ஆள் எப்போதும் கசெமீரோவின் தோளுக்குப் பின்னால் தனியாக நிற்பான். அவனைப் பிடிக்க முன்வரிசையிலிருந்து ஒருவர் இறங்கினால் முன்னே ஆள் குறைகிறது. பின்வரிசையிலிருந்து ஒருவர் ஏறினால் முதுகுக்குப் பின்னால் ஓட்டை விழுகிறது. முந்தைய கிளப்பான ஸ்போர்டிங் லிஸ்பனில், பந்தோடு ஏறிவரத் தெரிந்த சென்டர்-பேக்குகள் (பின்வரிசையின் நடுவில் நிற்கும் தடுப்பாளர்கள்) அமோரிமுக்கு இருந்தார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் விங்-பேக்குகளும், கிடைத்ததையெல்லாம் வலைக்குள் போட ஒரு கியோகெரெஸும் இருந்தார். இங்கே ஹொய்லுண்ட் லீக்கில் அடித்தது 4 கோல். அதோடு, கோலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய புரூனோவை நடுவட்டத்துக்கு இழுத்துக் கட்டிப்போட்டிருக்கிறது இந்த வடிவம். அணியில் கோலுக்கு வழிவிடும் கடைசிப் பந்தைக் கொடுக்கத் தெரிந்த ஒரே ஆள், கோலுக்கு 30 மீட்டர் தள்ளி நின்று பந்தைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

42-ஆவது நிமிடத்துக் கோலைப் பற்றி: இடது பக்கமிருந்து சார் உள்ளே அனுப்பிய பந்து. அருகுக் கம்பத்தை நோக்கி டாட்டன்ஹாமின் பிரென்னன் ஜான்சன் ஓடிவருகிறார், அவரோடு ஒட்டிக்கொண்டு ஷா. ஜான்சனின் கால் சரியாகப் படவில்லை. பந்து ஷாவின் மேல் பட்டுத் தெறிக்க, ஜான்சன் மறுபடி கால் நீட்டுகிறார். உருண்டு போய்விட்டது. அழகான கோல் இல்லை. ஆனால் பெட்டிக்குள் முதல் அடி யாருடையது என்பதில் யுனைடெட் இந்த சீசன் முழுக்கத் தோற்றிருக்கிறது. இதுவும் அந்த வரிசையில் ஒன்று.

மற்றபடி பந்து ஏறக்குறைய முக்கால் பங்கு நேரம் யுனைடெட்டிடம். அதனால் பயன் ஒன்றுமில்லை. 68-ஆவது நிமிடத்தில் டாட்டன்ஹாம் கீப்பர் விக்காரியோ ஒரு ஃப்ரீ-கிக்கைத் தவறவிட, காலியான கோலை நோக்கி ஹொய்லுண்ட் தலையால் தட்டினார். மிக்கி வான் டி வென் பின்னோக்கி ஓடி, அந்தரத்தில் காலைத் தூக்கிக் கோட்டின் மேலிருந்து பந்தை வெளியே வீசினார். எதிரணி வீரராக இருந்தாலும் சொல்ல வேண்டும், இந்த ஆண்டின் மிகச் சிறந்த தடுப்பு அது.

நம் கோபம் அதற்கு முன்னால் தொடங்குகிறது. டாட்டன்ஹாம் இடைவேளைக்குப் பின் முழுக்கப் பின்வாங்கிவிட்டது. முன்னால் சோலங்கி மட்டும்தான். அந்த ஒரே ஆளைக் காவல் காக்க யுனைடெட் மூன்று சென்டர்-பேக்குகளை நிறுத்தி வைத்திருந்தது. ஒரு கோல் பின்தங்கிய அணி, ஐரோப்பிய இறுதிப்போட்டியில்! முதல் மாற்றம் 71-ஆவது நிமிடத்தில்தான் வந்தது: ஹொய்லுண்டுக்குப் பதில் ஸிர்க்ஸே, மவுண்டுக்குப் பதில் கர்னாச்சோ. அமோரிம் ஆளுக்கு ஆள் மாற்றினார், வடிவத்தை மாற்றவில்லை. நடுவில் மூன்றாவது ஆளாக மைனூவையோ உகார்ட்டேவையோ இடைவேளையிலேயே இறக்கி, புரூனோவை மேலே அனுப்பியிருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த உகார்ட்டே ஸ்போர்டிங்கில் இதே அமோரிமிடம் ஆடியவர். கடைசி நிமிடங்களில் மக்வயரை முன்னால் ஓடவிட்டு உயரப் பந்து போட்டார்கள். லியோன் அணியோடு ஏப்ரல் 17 அன்று அது பலித்தது, 120 நிமிடம் தாண்டி மக்வயரே 5-4 ஆக்கினார். அதிர்ஷ்டத்தைத் திட்டமாக வைத்துக்கொண்டு இறுதிப்போட்டிக்கு வரக் கூடாது.

0-1. இந்த சீசனில் டாட்டன்ஹாமிடம் நான்காவது தோல்வி: செப்டம்பரில் 0-3, டிசம்பரில் லீக் கோப்பையில் 3-4, பிப்ரவரியில் 0-1, இன்று. முதலாவது மட்டும் முந்தைய மேனேஜர் டென் ஹாக் காலத்தில் நடந்தது.

வெளியேறும்போது சான் மமேஸ் மெட்ரோ வாசலில் முண்டியடிக்க வேண்டாம். இந்தாவுச்சு நிலையம் வரை நடந்தால் கூட்டம் பாதியாகிவிடும்.

நாள் 3: மே 22, வியாழன்

வெளியேறும் நாள், எழுத அதிகமில்லை. விமான நிலையப் பேருந்துக்கு வரிசை நீளம், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள்.

நேற்றிரவு அமோரிம் செய்தியாளர்களிடம் சொன்னதை எல்லாரும் படித்திருப்பீர்கள். நான் சரியான ஆள் இல்லை என்று நிர்வாகமும் ரசிகர்களும் நினைத்தால், நஷ்டஈடு பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மறுநாளே போய்விடுவேன், ஆனால் தானாக விலக மாட்டேன் என்றார். நேர்மையான பேச்சு. ஜனவரியில் பிரைட்டனிடம் 1-3 என்று தோற்றபோது, கிளப்பின் வரலாற்றிலேயே மோசமான அணி ஒருவேளை நாம்தான் என்று வாய்விட்டுச் சொன்னவரும் இவரே. அவர் மனம் சுத்தம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நோயைச் சரியாகச் சொல்கிற வைத்தியர் மருந்தை மட்டும் மாற்ற மாட்டேன் என்றால் நோயாளி என்ன செய்வது?

நாள் 4: மே 23, வெள்ளி. மான்செஸ்டர்

பில்பாவோவிலிருந்து நேரடி விமானம், இரண்டு மணி நேரம். பிரிட்டனுக்குள் வர மலேசியர்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து இடிஏ எனும் மின்னணுப் பயண அனுமதி கட்டாயம், கட்டணம் 2025 ஏப்ரலில் 16 பவுண்ட் ஆனது. கிளம்புவதற்கு மூன்று நாளுக்கு முன்னாவது செயலியில் விண்ணப்பித்துவிடுங்கள். இந்தியர்களுக்கு முழு விசா.

விமான நிலையத்திலிருந்து ரயிலில் பிக்காடில்லி, அங்கிருந்து ஆல்ட்ரிங்கம் தடத்து டிராமில் 'ஓல்ட் டிராஃபோர்ட்' நிறுத்தம். இறங்கினால் முதலில் லங்காஷயர் கிரிக்கெட் திடல்தான் தெரியும், அதைக் கடந்து பத்து நிமிட நடை. முன்வாசலில் பழைய நட்சத்திரங்கள் பெஸ்ட், லா, சார்ல்டன் மூவரும் வெண்கலத்தில். தென்கிழக்கு மூலையில் அணியின் மியூனிக் விமான விபத்தை நினைவூட்டும் கடிகாரம், 1958 பிப்ரவரி 6 என்ற தேதியோடு. இந்த இரண்டையும் பார்க்க டிக்கெட் வேண்டாம்.

ஆட்டம் பார்க்கத்தான் வேண்டும். கடந்த டிசம்பரில் சீசனின் நடுவே, மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளை 66 பவுண்ட் ஆக்கினார்கள். சிறுவர், முதியவர் என்று சலுகை ஒன்றும் கிடையாது. மகனைக் கூட்டிவரும் ஒரு தந்தை 132 பவுண்ட் கொடுத்து, இந்த மைதானத்தில் லீக்கில் மட்டும் 9 தோல்வி கண்ட அணியைப் பார்க்க வேண்டும். கூடவே நூற்றுக்கணக்கான ஊழியர்களை வேலையிலிருந்து அனுப்பினார்கள், மீதமிருந்தவர்களின் இலவச மதிய உணவையும் நிறுத்தினார்கள்.

இங்கேதான் மேனேஜரைத் தாண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2024 ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அவர் கேட்ட வடிவத்துக்கு யோரோ, ஸிர்க்ஸே, டி லிக்ட், மஸ்ராவி, உகார்ட்டே என்று வாங்கிக் குவித்தார்கள். அக்டோபர் 28 அன்று அவரையே அனுப்பினார்கள். அடுத்து, வேறு எந்த வடிவமும் ஆடாத ஒருவரை ஸ்போர்டிங்கிலிருந்து பிடித்து வந்தார்கள். சீசன் முடிந்ததும் வருகிறேன் என்றுதான் அவர் கேட்டார். இப்போதே வர வேண்டும், இல்லாவிட்டால் இல்லை என்றது கிளப். வாரத்துக்கு இரண்டு ஆட்டம், இடையில் பயிற்சிக்கு நாளே இல்லை. அந்த நிலைமையில் முழு அணியையும் பிரித்துக் கட்டச் சொன்னார்கள். கட்டிய வீட்டில் ஆள் குடியிருக்கும்போதே அடித்தளத்தைத் தோண்டச் சொன்னது போல.

இன்றிரவு நேப்பிள்ஸிலிருந்து வந்த செய்தி இன்னும் வலிக்கிறது. நாப்போலி இத்தாலியச் சாம்பியன். காலியாரியோடு முதல் கோலை அந்தரத்தில் சுழன்று அடித்தவர் ஸ்காட் மெக்டாமினே, லீக்கின் சிறந்த வீரரும் அவர்தான். யுனைடெட்டின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த நடுக்கள வீரர். கடந்த ஆகஸ்டில் விற்றார்கள்.

நாள் 5: மே 24, சனி

ராச்டேல் தடத்து டிராமில் நியூட்டன் ஹீத் அண்ட் மோஸ்டன் நிறுத்தம். 1878-இல் ரயில் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய நியூட்டன் ஹீத் கிளப்தான் 1902-இல் மான்செஸ்டர் யுனைடெட் ஆனது. ரசிகர்கள் எதிர்ப்புக்காகப் போடும் பச்சை-மஞ்சள் சால்வையின் நிறம் இந்தப் பட்டறைக்காரர்களின் சட்டை நிறம். மோஸ்டனிலேயே எஃப்சி யுனைடெட்டின் பிராட்ஹர்ஸ்ட் பார்க் இருக்கிறது. 2005-இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியபோது, வெளியேறிய ரசிகர்கள் தாங்களே தொடங்கிய கிளப் அது.

நாள் 6: மே 25, ஞாயிறு. ஓல்ட் டிராஃபோர்ட்

மாலை 4 மணி, ஆஸ்டன் வில்லா. உள்ளே கொண்டுபோகும் பை 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. உயரம், 5 செ.மீ. தடிமனுக்குள் இருக்க வேண்டும். பில்பாவோவில் அனுமதித்த பை இங்கே நுழையாது.

2-0. இடைவேளைக்குச் சற்று முன் வில்லா கீப்பர் மார்டினெஸுக்குச் சிவப்பு அட்டை, பிறகு அமாட் ஒன்று, விடைபெறும் எரிக்சன் பெனால்டியில் ஒன்று. நடுவர் விசிலை அவசரப்பட்டு ஊதாமல் இருந்திருந்தால் வில்லாவின் ரோஜர்ஸ் போட்ட கோல் நின்றிருக்கும். கர்னாச்சோ அணிப்பட்டியலிலேயே இல்லை.

கணக்கு முடிந்தது: 15-ஆம் இடம், 42 புள்ளி, 18 தோல்வி, அடித்த கோல் 44, வாங்கியது 54. கீழ்ப் பிரிவுக்கு இறங்கிப்போன 1973-74 சீசனுக்குப் பிறகு இவ்வளவு கீழே முடித்ததில்லை. அமோரிம் பொறுப்பில் 27 லீக் ஆட்டத்தில் 7 வெற்றி, 6 சமன், 14 தோல்வி, ஆக 27 புள்ளி. ஆட்டத்துக்கு ஒரு புள்ளி. டென் ஹாக்கும் இடைக்காலத்தில் பார்த்துக்கொண்ட நிஸ்டல்ராயும் சேர்ந்து 11 ஆட்டத்தில் எடுத்தது 15.

ஆட்டம் முடிந்து மைக்கைப் பிடித்தார் அமோரிம். சீசனுக்காக மன்னிப்புக் கேட்டார், நல்ல நாட்கள் வருகின்றன என்றார். அரங்கத்தில் பெரும்பாலோர் கை தட்டினார்கள். பணம் கொடுத்து, மழையில் நனைந்து, 18 தோல்வி பார்த்த மக்கள் கை தட்டினார்கள். இந்தப் பொறுமையை நிர்வாகம் சும்மா கிடைத்த பொருளாக எடுத்துக்கொள்வதுதான் பொறுக்கவில்லை.

நாள் 7, 8: மே 26, 27. வழியில்

மான்செஸ்டரிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இல்லை. தோஹா, துபாய் அல்லது இஸ்தான்புல் வழி. மாறும் நேரம் இரண்டு மணிக்குக் கீழே எடுக்காதீர்கள். 60 ஆட்டம் ஆடி ஓய்ந்துபோன வீரர்களும் இதே வாரம் இதே தூரம் பறக்கிறார்கள், சீசன் முடிந்து மூன்றாம் நாள் காட்சி ஆட்டம் ஆட. ஐரோப்பியப் போட்டி போய்விட்டதால் விழுந்த பணக்குழியில் கொஞ்சத்தை இது நிரப்பும். ஹாங்காங்கில் 30-ஆம் தேதி இன்னொன்று.

நாள் 9: மே 28, புதன். புக்கிட் ஜாலில்

கேஎல் சென்ட்ரலிலிருந்து கெலானா ஜெயா தடத்தில் மஸ்ஜித் ஜாமேக், அங்கே மாறி புத்ரா ஹைட்ஸ் நோக்கிப் போகும் ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் புக்கிட் ஜாலில். ரயில் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டையில் திரும்பி வருவதற்கும் சேர்த்துப் போட்டு வையுங்கள். ஆட்டம் விட்டதும் பணம் ஏற்றும் இயந்திரத்துக்கு முன் நிற்கும் வரிசை, ரயிலுக்கு நிற்கும் வரிசையைவிட நீளம். வாகனத்தில் வருவதைத் தவிர்க்கலாம். மழைக்கோட்டு அவசியம்.

இந்த ஊரில் யுனைடெட் என்பது வீட்டுப் பெயர். சனி, ஞாயிறு இரவுகளில் உணவகத் திரைகளுக்கு முன் தே தாரிக்கோடு உட்கார்ந்து, அதிகாலை ஆட்டத்துக்கு அலாரம் வைத்து எழுந்து, இருபது முப்பது வருடமாக இந்த அணியைப் பார்க்கிற தமிழ்க் குடும்பங்கள் கிள்ளானிலும் ஈப்போவிலும் சிரம்பானிலும் உண்டு. அப்பாவின் பழைய 7-ஆம் எண் சட்டையைப் பிள்ளை போட்டுக்கொண்டு வருகிற அளவுக்கு. அரங்கில் 70,000 பேருக்கு மேல்.

எதிரே ஆசியான் ஆல்-ஸ்டார்ஸ்: தென்கிழக்காசிய வீரர்கள் சேர்ந்து சில நாளே பயிற்சி எடுத்த கலவை அணி. 71-ஆவது நிமிடத்தில் மியான்மரின் மாங் மாங் ல்வின் கோல் போட்டார். 0-1. விசில் ஊதியதும் 'பூ' என்ற சத்தம் மேல்தட்டிலிருந்து இறங்கியது. மான்செஸ்டரில் ஞாயிறு கை தட்டினார்கள், இங்கே புதன் தட்டவில்லை. அந்தக் கூச்சல் ஒருவேளை நமக்குத் தேவைதான் என்று அமோரிம் ஒப்புக்கொண்டார்.

கோடையில் யுனைடெட் வாங்கப்போவதாக உரக்கக் கேட்கும் பெயர்கள் வுல்வ்ஸின் மத்தேயுஸ் குன்யா, இப்ஸ்விச்சின் டெலாப். இரண்டு பேரும் முன்வரிசை. 3-4-3 தொடரும் என்றால் ஆகஸ்டிலும் நடுவில் இரண்டு பேர்தான் நிற்பார்கள். அதில் கசெமீரோவுக்கு வயது 33, புரூனோ அங்கே நிற்கவே கூடாதவர்.